ஒட்டி நின்றவள்

கணினி வரைந்த கிருமி உறவு மரத்தில் என் தங்கையின் கையும் அந்தக் குழந்தையும் ஒரே கிளையில் இருந்தன.

ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டில் ஒரு குழந்தைக்குக் கிருமித் தொற்று. தங்கை அங்கே நர்ஸ். அவள் கை, குழந்தையின் ரத்தம், குளிப்பாட்டும் குழாய், பக்கத்து வார்டு நோயாளி ஒருவர் என்று நான்கு இடத்துக் கிருமிகளை எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை டி.என்.ஏ. எழுத்துகள் மாறியிருக்கின்றன என்று எண்ணி, அந்தத் தூரங்களை வைத்து எது எதற்கு உறவு என்று மரம் போடுவது என் வேலை. முடிவு வரும்வரை தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போனில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, நானா அந்தப் புள்ளைக்குக் குடுத்தேன்?"

அவளுக்கும் குழந்தைக்கும் தூரம் ஆறு. குழாய்க்கும் குழந்தைக்கும் பன்னிரண்டு. குறைந்ததை முதலில் சேர்த்துவிட்டது கணினி. எல்லாக் கிருமியும் ஒரே வேகத்தில் மாறும் என்று நம்புகிற முறை அது. அவசரத்தில் நான்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். குளோரினோடு மல்லுக்கட்டும் குழாய்க் கிருமி விறுவிறுவென்று மாறியிருந்தால் தூரம் கூடத்தானே செய்யும்? கியூவில் ஒட்டி நிற்கிறவரெல்லாம் சொந்தக்காரரா என்ன?

இரண்டிரண்டாய் ஜோடி போட்டுத் தூரங்களைக் கூட்டினேன். தங்கையும் குழந்தையும் ஒரு ஜோடி, மீதி இரண்டும் ஒரு ஜோடி என்றால் இருபத்தெட்டு. தங்கையைக் குழாயோடு சேர்த்தாலும் இருபத்தெட்டு. குழந்தையைக் குழாயோடு சேர்த்தால் இருபத்து நான்கு. கிருமிகள் எந்த வேகத்தில் மாறினாலும், எந்த ஜோடியின் கூட்டுத்தொகை மிகச் சிறியதோ அதுதான் மெய்யான உறவு. சந்தோஷப்பட வேண்டியவளுக்குச் சந்தேகம் வந்தது. தங்கைக்காகக் கணக்கை வளைக்கிறேனோ?

பெயர்களை அழித்து ஒன்று முதல் நான்குவரை எண் போட்டு, தூரங்களை மட்டும் எங்கள் தலைமை ஆய்வாளரிடம் நீட்டினேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆசாமி. ஒருமுறை கூட்டினார். மறுபடியும் கூட்டினார்.

"ரெண்டும் மூணும் ஜோடி. இதுல என்னம்மா சந்தேகம்? யாரு இவங்க?"

"குழந்தையும் குழாயும் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தக் குழாயை மூடிட்டாங்களா?"

அவர்கள் நிறுத்தியது என் தங்கையை மட்டும்தான்.

வார்டுக்குப் போன் போட்டேன். நெடுநேரம் மணி அடித்தபின் ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க, கையெல்லாம் ஈரம். புள்ளைங்களைக் குளிப்பாட்டிட்டு இருக்கேன்."

அவள் குரலுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.