கிருஷ்ணாயில் மாடுகள்

நான் பட்டாளத்தில் இருந்தவன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் நிமிர்ந்து உட்காருவார்கள். எந்தச் சண்டையில் என்பார்கள். பர்மாவில் என்பேன். ஜெயித்தீர்களா என்பார்கள். அதோடு நான் பேச்சை வெங்காய விலைக்குத் திருப்பிவிடுவேன்.

அப்பாவுக்கு ரங்கூன் கடைத்தெருவில் வெங்காய மண்டி. நடை பழகுவதற்கு முன்பே பேரம் பழகியவன் நான். ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, சம்பளமும் கொடுத்துச் சோறும் போடுகிறார்களே, இதைவிட மலிவாக என்ன கிடைக்கும் என்று போய்ச் சேர்ந்தேன். சாமான் கிடங்குக்குக் காவல் போட்டார்கள். என் துப்பாக்கி ஒரே ஒரு தடவை வெடித்தது. ஒரு பருப்பு மூட்டை உயிரை விட்டது. பின்வாங்க உத்தரவு வந்த அன்றைக்கு மட்டும் நான் படைக்கே முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

காடும் மலையும் நடந்து, பாதி ஆளாக மெலிந்து திருச்சிக்கு வந்து சேர்ந்தேன். மனைவி ராசாத்தியை முன்னதாகவே கப்பலேற்றித் தென்னூரில் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ரங்கூன் மண்டி ஜப்பான்காரன் குண்டில் போயிருந்தது. பிறகு லால்குடிப் பக்கம் ராசாத்தியின் மாமா வயலில் ஒரு வருஷம் கூலிக்கு ஏர் பிடித்தேன். நெல் மூட்டையில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தவனுக்கு அந்த ஒரு வருஷம் நிறையச் சொல்லிக் கொடுத்தது. கூலிக்குச் சேறு மிதித்தது போதும், குத்தகைக்காவது சொந்தமாகப் பயிர் வைக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் அப்போதுதான்.

அதே ஊரில் ஸ்ரீரங்கத்து ராஜகோபால ஐயங்காருக்கு நிலம் இருந்தது. குத்தகைக்குக் கேட்டு உத்தர வீதியில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நிலம் தர்றதுக்கு நேக்கு ஆட்சேபணை இல்லே. ஆனா நீ வந்தேறி. ஊர்க்காரா ஒன்னை நல்லேர்ல சேத்துக்கணும். சேத்துக்கலேன்னா நாத்து நட ஒரு ஆள் வரமாட்டா. அப்பறம் பெருமாள்தான் வந்து நடணும்" என்றார்.

நல்லேர் என்பது சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஊர் ஏர் எல்லாம் ஒன்றாகப் பூட்டி முதல் உழவு ஓட்டுவது. அதற்கு முன்னால் யாரும் மண்ணில் ஏர்க்கொழு வைக்கக் கூடாது. பூட்டிய பிறகு நடுவில் நிற்கக் கூடாது. சுற்று முடியும் முன் எவனாவது ஏரை அவிழ்த்தால் அந்த வருஷம் ஊருக்கே வெள்ளாமை இல்லை என்பார்கள்.

முன்னேர் ஓட்டும் உரிமை காத்தான் குடும்பத்துக்கு. அவரிடம் போனேன்.

"மாடு வச்சிருக்கியா, பட்டாளம்?"

"வாங்கிடுறேண்ணே."

"வாங்கிட்டு வா. மத்ததை வயல்ல பாப்போம்."

மாடு வாங்கத் திருச்சிக்குப் போனேன். தரகர் ஒரு ஜோடியைக் காட்டினார். பல் பார்த்தேன், சுழி பார்த்தேன், குளம்பைத் தட்டினேன். "தென்னூர்ல தெருத்தெருவா நடந்த மாடுங்க. அலுப்பே தெரியாது" என்றார். எந்த வண்டியை இழுத்து நடந்தன என்று கேட்டிருக்க வேண்டும். நான் எங்கே கேட்டேன்? விலையைக் குறைக்க மும்முரமாக இருந்தேன். முகத்தைச் சுளித்து, போவது போல எழுந்து, திரும்பி வந்து, என் அப்பாவின் வித்தை எல்லாவற்றையும் இறக்கினேன். தரகர் சட்டென்று இறங்கிவந்தார். வியாபாரி இவ்வளவு சுலபமாக இறங்கினால் சரக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது மண்டியில் துடைப்பத்துக்குக்கூடத் தெரியும். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

லால்குடி வரை மாடுகளை ஒரு பாரவண்டியின் பின்னால் கட்டி நடத்திவந்தேன். அழகாக நடந்தன. நல்லேருக்கு முன்பு மண்ணைத் தொடக் கூடாதென்பதால் ஏரில் பூட்டிப் பார்க்கவும் வழியில்லை.

நல்லேர் அன்று மாடுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பொதுவயலில் ஏர்கள் வரிசையாக நின்றன. என்னை நடுவில் நிறுத்தினார் காத்தான். சூடம் காட்டித் தேங்காய் உடைத்ததும் முன்னேர் புறப்பட்டது. நானும் புறப்பட்டேன். மண் புரண்டது. என் நெஞ்சும் கொஞ்சம் புரண்டது.

ஒரு வீட்டு அகலம் போயிருக்கும். என் மாடுகள் நின்றன.

ஹை என்றேன். வாலை முறுக்கினேன். இரண்டும் தலையைத் திருப்பி, யாரோ வருவார்கள் என்பது போல வரப்பைப் பார்த்தன. பின்னால் வந்த ஏர்கள் முட்டிக்கொண்டன.

"என்ன பட்டாளம், இங்கயும் பின்வாங்கலா?" என்றார் பின்னேர்க்காரர் பிச்சை.

முன்னாலிருந்து காத்தான் கத்தினார். "நிறுத்தாதய்யா! ஊருக்கு ஆகாது!"

"நான் எங்கண்ணே நிறுத்துனேன், அதுங்கதான் நிக்குது!"

"அப்ப அதுங்களுக்குச் சொல்லு!"

வரப்பில் நின்ற ராசாத்தி, மாடுகள் நின்ற விதத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்தாள்.

"அட பாவி மனுசா! இது கிருஷ்ணாயில் வண்டி மாடுங்க! அக்கா வீட்டு வாசல்ல தினம் வந்து நிக்குமே! எண்ணெ ஊத்துனதும் வண்டிக்காரன் கூவுவான், அடுத்த வீட்டுக்குப் போகும். கூவுங்க!"

யுத்தத்தில் கிருஷ்ணாயில், அதாவது மண்ணெண்ணெய், வரத்து நின்றதும் வண்டிக்காரன் மாட்டை விற்றிருக்கிறான். அவ்வளவு மலிவாக ஏன் கிடைத்தது என்பதும் அப்போது விளங்கியது. சாமிக்குச் சூடம் காட்டிய புகைகூட அடங்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கிருஷ்ணாயில்!"

மாடுகள் ராஜநடை போட்டன. ஒரு வீட்டு அகலம். மறுபடி நின்றன.

"கிருஷ்ணாஆயில்!"

தெருவிலிருந்து சலசலப்புக் கேட்டது. திரும்பினால் பெண்கள் பாட்டிலும் தகரமுமாக ஓடி வருகிறார்கள். ஊரில் விளக்குக்கு எண்ணெய் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. எல்லோருக்கும் முன்னால், நடவுக்கு ஆள் கூட்டி வரும் மாரியாயி, கையில் இரண்டு பாட்டில். பெண்கள் கூட்டத்தைக் கண்டதும் என் மாடுகள் வேரே விட்டுவிட்டன. அவற்றின் கணக்கில் அது நல்ல வியாபாரம் நடக்கும் வாசல்.

"இந்த ஏரை அவுத்து விடுங்கண்ணே" என்றார் பிச்சை.

அவிழ்த்தால் நிலம் போயிற்று.

காத்தான் கலப்பையைப் பிடித்தபடியே யோசித்தார். "அவுக்கவும் கூடாது, நிக்கவும் கூடாது. வேற என்ன செய்யச் சொல்ற? எல்லாரும் கூவுங்கடா!"

அவரே முதலில் கூவினார், தேவாரம் பாடுகிறவர் போலக் கம்பீரமாக. பின்னால் எல்லா ஏர்க்காரர்களும். வரப்பில் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். கிருஷ்ணாயிலும் சிரிப்புமாகச் சுற்று முடிந்தது. ஒரு ஏரும் அவிழவில்லை.

மாடுகளை அவிழ்த்ததும் காத்தான் என்னிடம் வந்தார். அடி விழும் என்று எதிர்பார்த்துத் தலைப்பாகையைக் கழற்றினேன்.

"அடுத்த வருஷம் நீ கடைசியில பூட்டு. நடுவுல வேணாம்" என்றார்.

அடுத்த வருஷம் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

மாரியாயி மட்டும் வரப்பை விட்டு நகரவில்லை. "எண்ணெ இல்லாமயா இம்புட்டுக் கூவுனீங்க? நடவுக்கு ஆளு வேணும்னா எங்க தெருவுக்குத்தானே வரணும்?" என்றாள்.

ராசாத்தி வீட்டுக்குப் போய், எங்கள் விளக்குக்கு மிச்சமிருந்த எண்ணெயைக் கொண்டுவந்து அவள் பாட்டிலில் ஊற்றினாள். நிலம் கிடைத்த சந்தோஷத்தில் அன்று ராத்திரி இருட்டில் தடவித் தடவித்தான் சாப்பிட்டோம். குழம்பு என்று நினைத்து நான் சோற்றில் ஊற்றிக்கொண்டது தண்ணீர்.