ஐப்பசி விலை

ஓர் இரவுத் தூக்கத்தின் விலை நூற்றுப் பத்து ரூபாய் என்று புதுக்கோட்டை விசிறிக் கடைக்காரர் சித்திரையில் ஒரு மேசைவிசிறியைக் காட்டிச் சொன்னார். பருப்பு வியாபாரி சோலையப்பன் வாங்காமல் திரும்பினார். நெஞ்சு நோய்க்காரியான அவர் மனைவி செவந்தி, வெக்கையில் மூச்சு முட்டி விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

“பொறுத்துக்க. ஐப்பசி மழையில விசிறிய எவன் சீந்துவான்? அவனே வெலைய எறக்குவான்.”

“அதுவரைக்கும் நான் கெடக்கணும்லங்க.”

“ஒன்னைய எமன் கேட்டாலும் வெலை படியாது, போ.”

எமனிடம் பேரம் பேச இவரைக் கூப்பிடாமலேயே ஆடியில் செத்துப்போனாள்.

ஐப்பசியில் கடைக்காரர் தாமே கூப்பிட்டார். “தொண்ணூறுக்கு எடுத்துக்கங்க அண்ணே.”

சோலையப்பன் பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அன்றிரவு விசிறி, அவள் படுத்த இடத்துக்கும் சேர்த்துத் திரும்பித் திரும்பி வீசியது. சுவரோரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்: மிச்சம் இருபது ரூபாய், தூங்கியவர் யாருமில்லை.