காதுக்குள் உருண்ட கல்

பால்குடத்தைத் தலையில் ஏற்றியதும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் உச்சியை நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான். கோயில் சுழன்றது. மடுல்கெல்ல மலை தேயிலையோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்து, எழும்பி, மறுபடியும் சரிந்தது. குடம் போன இடம் தெரியவில்லை. முகத்தில் பால் வழிந்தது. "ஆத்தா வந்துட்டாடீ!" என்று யாரோ கத்த, தப்பு மேள அடி வேகமானது. மஞ்சள் தண்ணீரை என்மேல் ஊற்றினார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பெற்ற அம்மா, என்னை.

லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பாப்பம்மா அத்தை என் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் ஜீவன் கட்டாருக்கு வேலைக்குப் போனவன். பல மாதமாகப் போனே இல்லை.

"எம்புள்ள வருவானா தாயி? ஒரு வார்த்த சொல்லு தாயி!"

நான் தரை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். தலை தானாக மேலும் கீழும் ஆடியது. "வருவானாம்!" என்று குலவையிட்டார்கள்.

அன்று தூங்கப் பயந்தேன். வலது பக்கம் திரும்பினாலே கூரை சுற்றியது. உண்மையிலேயே அவள்தான் எனக்குள் இருக்கிறாளோ, தப்பாக ஏதும் செய்தால் என்னை என்ன செய்வாளோ என்று நடுங்கினேன். "இது சாமி இல்லம்மா, எனக்கு என்னமோ செய்யுது" என்றேன். "அப்பிடியெல்லாம் பேசப்படாதுடீ" என்ற அம்மா, 'டீ' போட்டதற்காகத் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விடிந்ததும் நான் வாந்தியெடுத்த பிறகுதான் கண்டிக்குக் கூட்டிப்போனாள்.

காது டொக்டர் ஜஹானா சின்ன வயதுக்காரர். "தலையில எங்கயும் அடிபட்டதா?" என்று கேட்டார். முந்தின வாரம் பஸ் பிரேக் போட்டபோது கம்பியில் மோதியதைச் சொன்னேன். அவர் என் தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். உலகம் சுழன்றது. அவர் கையைக் கிள்ளிவிட்டேன்.

"கிள்ளுங்க, பரவாயில்ல. ஒங்கட கண்ணு டான்ஸ் ஆடுது. எந்தக் காதுல கோளாறுன்டு தெரிஞ்சிட்டு."

தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பியபடியே சொன்னார்: "காதுக்குள்ள கேக்கிறதுக்கு நத்தை மாதிரி ஒன்டு ஈக்கி. அதோட ஒட்டினாப்போல மூணு வளையம், உள்ளுக்குத் தண்ணி. பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத கல்லுகள். நீங்க சாஞ்சா அதுகளும் சாயும். மேல எது, கீழ எதுன்டு மூளைக்குச் சொல்றது அதுகள்தான். ஒங்கட கல்லு கொஞ்சம் வளையத்துக்குள்ள பெய்த்திட்டு, அங்க உருளுது. வேற ஒன்டுமில்ல. இப்பிடித் திருப்பினா திரும்ப அதுட எடத்துக்குப் போயிடும்."

பக்கவாட்டில் உருட்டி, எழுப்பி உட்காரவைத்தார். சுவர் சுவராக நின்றது. எனக்கு அழுகை வந்தது.

திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டேன். பன்வில தாண்டிய ஒவ்வொரு வளைவும் காதுக்குள் தெரிந்தது. அங்கே, அம்மா பேசுவதைக் கேட்கிற இடத்துக்கு அடுத்த வீட்டில், நான் பிறந்ததிலிருந்து யாரோ இருட்டில் உட்கார்ந்து தண்ணீர் மட்டம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒரு முறைகூட நான் அவர்களை நினைத்ததில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். செங்குத்துச் சரிவில், பிடிக்க எதுவுமில்லாமல், முதுகில் கூடையோடு பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தலைக்குள்ளும் அந்தக் கற்கள்.

லயத்தில் பாப்பம்மா அத்தை பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்று காம்பராவுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். ஜீவனுக்காக மூலையில் புதுப் பாய்.

"எறங்குங்க அத்த, ஒன்னு சொல்லணும்."

"அங்கருந்தே சொல்லுங்க தாயி. சுண்ணாம்பு காயுது."

சொல்லுங்க. எப்போதும் 'டீ' போடும் அத்தை, என்னை! அந்தத் தலையாட்டலைப் பற்றி அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து கோயில்ல நான் தலையாட்டல அத்த. விழாம இருக்கப் பாத்தேன். காதுல வருத்தம், அதான் தல சுத்திச்சு. ஜீவன் அண்ணனப்பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது."

பிரஷ் நின்றது. சுண்ணாம்பு அவள் முழங்கை வழியாக ஒழுகியது. கதிரைக் கால்கள் என் கைக்குள் நடுங்கின. அவள் விழவில்லை. முகத்தைச் சுவரிலிருந்து திருப்பாமலே ஒரு காலைப் பின்னால் இறக்கினாள். வெள்ளை தெறித்த அந்த வெறுங்கால், காற்றில் மெல்லத் தரையைத் தேடியது.