உப்புத் தண்ணீரில் கழுவிய வண்டி

கம்பெனி இன்ஜினியர் மோகன்குமார் நீட்டிய தாளில், நடந்தது என் வீட்டுக்காரர் செய்த தப்பு என்று மூன்று வரி அச்சடித்திருந்தது. வண்டி கொடுத்த எட்டு மாதத்தில் அவர்கள் எங்களுக்குத் தமிழில் கொடுத்த முதல் தாள் அதுதான். வண்டியைப் பற்றிய புத்தகம் முழுக்க இங்கிலீஷ்.

ஓட்டிப் பார்க்கச் சொல்லி எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்துக்கு இரண்டு மின்சார ஆட்டோ கொடுத்தார்கள். இதில் பெரிய பேட்டரி கிடையாது, தீப்பிடிக்காது என்றார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு இரும்பு டிரம். அதற்குள் கனமான சக்கரம் ஒன்று பயங்கர வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்தச் சுற்றில்தான் வண்டி ஓடும். ஒரு வண்டியில் என் வீட்டுக்காரர் நீலமேகம் நண்டுக் கூடை ஏற்றிக்கொண்டு பழவேற்காடு மார்க்கெட்டுக்குப் போவார். இன்னொன்றில் இளவழகன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றுவான். என் மகள் பூவிழியும் அதில்தான் போகிறாள்.

சாயங்காலம் இரண்டையும் ஏரியின் உப்புத் தண்ணீரில்தான் கழுவினோம், படகைக் கழுவுவது போலவே, நாலு வாளி அள்ளி ஊற்றி, நாரைப் போட்டுத் தேய்த்து. நல்ல தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது. குடத்துக்குக் குடம் சண்டை போட்டுப் பிடிக்கிற தண்ணீரை வண்டிக்கா ஊற்றுவோம்? டிரம்மைப் பிடித்திருந்த போல்ட்டெல்லாம் துருவேறி இற்றுப்போனது யார் கண்ணிலும் படவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் வண்டியில் டிரம் பிடிவிட்டது. உள்ளே சுற்றிய சக்கரம் உடைந்து பக்கவாட்டுத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தது. பக்கத்தில் நின்று கூடை ஏற்றிக்கொண்டிருந்த அவருக்கு ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

உப்புத் தண்ணீரே படக்கூடாது என்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறதாம். மோகன்குமார் பொறுமையாகத்தான் விளக்கினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது, அடிக்கிற காற்றே உப்பு. உப்பு ஆகாத வண்டியை இங்கே கொண்டுவந்து விட்டவன் மேல் தப்பில்லை, கழுவியவன் மேல்தான் தப்பாம்.

கையெழுத்துப் போட்டால் இளவழகன் வண்டி நாளைக்கே ஓடலாம் என்றான். அந்த வண்டிக்குப் போல்ட்டு மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். அடுத்த மாதம் ஆள் வருவார்களாம், அதுவரைக்கும் ஒன்றும் ஆகாதாம்.

இளவழகன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். சாவியை எடுத்த பிறகும் உள்ளே சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. மோகன்குமார் பேச்சை நிறுத்தாமலே நகர்ந்து வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். நான் பிள்ளைகள் ஏறுகிற பக்கமாகப் போனேன். அவன் கூட வரவில்லை, பேனாவை அங்கிருந்தே நீட்டினான். உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று படித்தவனுக்குத் தெரியாதா?

"இன்னா சார், அங்கியே நின்னுக்கினு கீற?" என்றேன். "இப்டி வா. எம் பொண்ணு ஏறுற எடத்துல வந்து நில்லு. நின்னுக்கினு சொல்லு, ஒண்ணும் ஆவாதுனு. நான் கையெய்த்து போட்றேன்."

"அதெல்லாம் தேவையில்லம்மா," என்றான்.

ஓர் அடி எடுத்து வைத்தான். சீட்டுக்கு அடியில் பார்த்தான். வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றிருந்த இளவழகன் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு மெல்ல விலகி வந்து, மோகன்குமாருக்குப் பின்னால் நின்றுகொண்டான்.