டிவி அகலத்துக்கு ஒரு க்ரீம் டப்பா

எத்தனை தடவை சோப்பு போட்டுக் கழுவினேன் என்று எனக்கே தெரியாது. கன்னம் எரிகிறது, இன்னும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நினைத்தாலே குமட்டுகிறது. தோலைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறவைக்க முடிந்தால் அதையும் செய்துவிடுவேன். எல்லாம் அந்தப் பளபளாவால் வந்த வினை.

பளபளா என்பது நானும் என் மருமகளும் வைத்த பெயர். முகத்துக்குப் பூசும் க்ரீம் விற்கிறவர். வாயைத் திறந்தால், "பளபளன்னு இருக்கணும்மா" என்பார். ஆள் அப்படி இல்லை. தாளைப் புரட்ட விரலை நக்குவார். நக்கின விரலையே டப்பாவுக்குள் விட்டு, "கையை நீட்டுங்கம்மா" என்று என் புறங்கையில் க்ரீமைத் தடவிவிடுவார். விரலில் ஒட்டின மிச்சத்தை எங்கள் சோபாவில் துடைப்பார். அந்த மூலையில் நான் அதற்கப்புறம் உட்காரவே இல்லை. ஆனால் சும்மா ஒரு டப்பா கொடுத்தாரே, அதை மட்டும் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. காலையும் மாலையும் பூசிக்கொண்டேன். மினுமினுப்பாக இருப்பதாகக் கண்ணாடி முன்னால் நின்று சந்தோஷம் வேறு.

மருமகள் கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு, எங்கள் பின்னறையில் பொருட்களைப் படம் எடுத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கியிருந்தாள். முதலில் வந்த பெரிய வேலை பளபளாவுடையதுதான். என் மகன் கறாராகச் சொல்லிவிட்டான்.

"இந்த ஆளு தொடர்ந்து வேலை குடுத்தா ரூம் உனக்கு. இல்லேன்னா அங்க நான் டிரெட்மில் போட்டுடுவேன். நீ பழையபடி கவுண்டருக்குப் போயிடு."

அந்தக் கவுண்டரின் மேனேஜர், தண்ணீர் குடிக்கப் போனால்கூடக் கடிகாரத்தைப் பார்க்கிற ஜன்மம். அந்தப் பேச்சை எடுத்தாலே அவள் முகம் செத்துவிடும்.

கேமரா வாங்க மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். மகன் நேராகப் போய், பீரங்கி மாதிரி ஒரு லென்ஸைக் கையில் தூக்கிக்கொண்டான்.

"இதப் பாரு, எவ்வளவு பெருசு! இதை மாட்டிட்டு நின்னாலே ஆளுங்க பயந்துருவாங்க."

"நான் எடுக்கப் போறது டப்பாவைங்க, பறவையை இல்ல. டப்பா எங்கயும் பறந்து போகாது."

"சிரிக்காதேம்மா நீ" என்று என்மேல் பாய்ந்தான்.

அவள் கேட்டது, சின்னப் பொருளை ஒட்டினாற்போல் கிட்டப் போய் எடுக்கும் மேக்ரோ லென்ஸ். கடைக்காரர் முதலில் பழையது ஒன்றை எடுத்து வைத்தார். இவள் அந்த லென்ஸுக்குள் போன் டார்ச்சை அடித்து என்னைப் பார்க்கச் சொன்னாள். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்து கிடந்தது.

"சீ! கண்ணாடிக்குள்ள கூடவா இந்தக் கண்றாவி?"

"ஈரத்துல வெச்சிருந்தா வரும் அத்தை. கேமரா பழசா இருந்தாப் பரவாயில்ல. லென்ஸ் சுத்தமா இருக்கணும், ஸ்டாண்டு ஆடக் கூடாது, லைட்டு நல்லா இருக்கணும். அது போதும்."

அப்படியே பழைய கேமரா ஒன்று, புது மேக்ரோ லென்ஸ், கனமான ஸ்டாண்டு, இரண்டு விளக்குகள் என்று வாங்கி வந்தோம். இதைக் கேட்டதும் பளபளாவுக்கு ஏனோ பிடிக்கவில்லை.

"லென்ஸெல்லாம் எதுக்கும்மா? போன்லயே எடு. ஃபில்டர் போட்டா பளபளன்னு வந்துடும்."

"கிட்டப் போய் எடுத்தாத்தான் சார் க்ரீமோட வழவழப்பு தெரியும்."

"அவ்வளவு கிட்ட எதுக்கும்மா?"

பழைய ஆள், புது சாமான் என்றால் மிரளுகிறார் என்று நினைத்துக்கொண்டோம். முட்டாள்கள்.

படம் எடுக்கும் நாள் வந்தது. மேஜைமேல் வெள்ளைச் சார்ட் பேப்பரை மூலை மடிப்புத் தெரியாமல் வளைத்து, பின்சுவர்வரை ஏற்றி ஒட்டியிருந்தாள். விளக்கு முன்னால் வெளிச்சம் கூசாமல் இருக்க டிரேசிங் பேப்பர், எதிர்ப்பக்கம் நிழலைக் குறைக்க ஒரு தெர்மாகோல் துண்டு. பழைய டிவியை அறைக்குள் நகர்த்தி, கேமராவின் வயரை அதில் சொருகியிருந்தாள். எடுக்க எடுக்கப் படம் டிவியில் வரும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொல்லலாம். பளபளா ஒரு அட்டைப்பெட்டி நிறைய டப்பாக்களோடு வந்து உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க மகனும் வந்து நின்றான்.

மூடிய டப்பாக்கள் அழகாக வந்தன. அடுத்து அவள் ஒரு மூடியைத் திறந்தாள்.

"திறக்க வேணாம்மா, மூடியோடவே போதும்."

"திறந்த மாதிரி ஒண்ணு வேணும்னு நீங்கதானே சார் கேட்டீங்க?"

"எடு எடு. அதுக்குத்தானே அந்த லென்ஸு" என்றான் மகன்.

எடுத்தாள். டப்பாவின் விளிம்பு டிவி அகலத்துக்கு வந்து நின்றது. மேலே வெண்ணெய் மாதிரி புது க்ரீம். அதற்குக் கீழே, மூடி திருகும் வரிகளுக்குள், காய்ந்து போன மஞ்சள் அழுக்கு. அதில் சுருண்ட முடி ஒன்று. முடிக்குப் பக்கத்தில் பிறை மாதிரி வளைந்து ஏதோ ஒன்று.

"அது என்னடி?"

அவள் லென்ஸைத் திருகி இன்னொரு படம் எடுத்தாள். அது தெளிந்தது. நகத்துண்டு. யாரோ கடித்துத் துப்பின நகம். சாயம்கூட ஓரத்தில் ஒட்டியிருந்தது.

அவள் பெட்டியிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்தாள். அதில் லேபிளுக்கு அடியில் பழைய லேபிளின் கிழிசல். இன்னொன்றில் விரல் வழித்த தடம், அதன்மேல் மெழுகின மாதிரி புது க்ரீம்.

"இது யாரோ உபயோகிச்ச டப்பா சார்."

"வாங்கினவங்க பிடிக்கலேன்னு கடையில திருப்பிக் குடுக்கிறதும்மா. பாதிகூடத் தீந்திருக்காது. மேலாப்புல வழிச்சிட்டு நிரப்பறோம். தூக்கியா எறிய முடியும்? எல்லாரும் பண்றதுதான்." அவர் சாவகாசமாக விரலை நக்கிக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல அழிச்சிடு. பளபளன்னு ஆக்கிடு."

மகனும் கூடச் சேர்ந்துகொண்டான்.

"ஆமா, அழிச்சிட்டுப் போயேன். உனக்கு ஒரு நிமிஷ வேலை. ரூம் வேணுமா வேணாமா?"

நகத்தைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு அதிகம் நாறியது. பெற்ற வயிற்றைச் சொல்லவேண்டும். அவள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். விளக்கு, ஸ்டாண்டு, அவளே வளைத்து ஒட்டின காகிதம்.

"தூசி விழுந்தா அழிப்பேங்க. அது என் வேலை. அடுத்தவங்க நகத்தை அழிச்சு, அதை இன்னொருத்தர் மூஞ்சியில பூசவைக்கிறது என் வேலை இல்ல. பெட்டியை எடுத்துட்டுப் போங்க சார்."

"இவ்வளவு கிட்டப் பாத்தா உலகத்துல எதையும் விக்க முடியாதும்மா" என்று முனகிக்கொண்டே பளபளா பெட்டியைத் தூக்கினார். போகிற போக்கில் கதவுப்பிடியில் கையைத் துடைத்துவிட்டுத்தான் போனார், பாவி.

மகன் தொண்டையைச் செருமினான்.

"சரி, பேசினபடி இந்த ரூமு..."

"ஏண்டா, காலையில ஷேவ் பண்ணிட்டு மூஞ்சியில என்ன பூசினே?"

"உன் டப்பாலேர்ந்து கொஞ்சம்..."

பாதியில் நின்றுவிட்டான். கை தானாகத் தாடைக்குப் போனது. அப்புறம் குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம், தண்ணீர்ச் சத்தம், காறித் துப்புகிற சத்தம். தண்ணீர் சொட்டச் சொட்ட, செக்கச் சிவந்த மூஞ்சியோடு வந்து நின்றான்.

"ரூம் உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே இந்த வீட்டுக்குள்ள எது வந்தாலும் அந்த லென்ஸுல ஒரு தடவை பாத்துச் சொல்லிடு, தாயே."

"உங்க டூத்பிரஷ்லேர்ந்து ஆரம்பிக்கட்டுங்களா?" என்றாள் அவள்.

நானும் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, முக்கால்வாசி தீர்ந்திருந்த என் டப்பாவைக் கொண்டுவந்து விளக்குக்கு நடுவில் வைத்தேன்.

"இதையும் எடுடி."

"எதுக்கு அத்தை? விட்டுடுங்க."

"எடுன்னா எடு. எதைப் பூசிக்கிட்டேன்னு நான் பாக்கணும்."

அவள் குனிந்து, லென்ஸைத் திருகி, கேமராவுக்குள் பார்த்தாள். பொத்தானை அழுத்தவில்லை. பிறகு கையை நீட்டி டிவியை அணைத்தாள்.

"வேணாம் அத்தை. போய் இன்னொரு தடவை மூஞ்சி கழுவிட்டு வாங்க."