மாமூவுக்கும் பெரியத்தாவுக்கும் நடுவில்

“உனோகு போல் பேட்டீ,” என்றார் மாமூ ஹபீபுர் ரஹ்மான். அவரிடம் சொல்லு மகளே என்று அர்த்தம். அந்த ‘அவர்’, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார். அஸ்மத்துன்னிசாவின் பெரியத்தா காதர் மீரான், அவள் அத்தாவுக்கு அண்ணன். மாமூ அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்.

அஸ்மா உள்ளறைத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அத்தா வெள்ளைத் துணியில் கிடந்தார். காலையில் சைக்கிள் கடையைத் திறக்கப் புறப்பட்ட உமர் ஃபாரூக், செருப்பை மாட்டக் குனிந்தவர் மார்பைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார். குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, எல்லாம் ஆயிற்று. எங்கே எடுத்துப் போவது என்பதுதான் முடியவில்லை.

“தெருமுனைப் பள்ளியிலேயே தொழுகை, எங்க குடும்பத்து மையவாடியிலேயே அடக்கம்னு மாமூ சொல்றாரு,” என்றாள்.

“அவன் எங்க உம்மா வயித்துல பொறந்தவன். மயிலாப்பூர்ப் பள்ளில தொழ வச்சு, அங்கியே உம்மா பக்கத்துல அடக்கணும். சொல்லு உங்க மாமூகிட்ட.”

அவள் அதை உருதுவில் சொன்னாள். மாமூ புதிதாகக் கேட்பவர் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ராயப்பேட்டை மார்க்கெட்டில் “இன்னாம்மா, மீனு நேத்து புட்ச்சதா?” என்று பேரம் பேசுகிற மாமூ அவர். பெரியத்தாவோ திருவல்லிக்கேணி வாடிக்கையாளர்களிடம் பத்து வருஷம் உருதுவிலேயே அத்தர் விற்றவர். இருவரும் அத்தாவின் கடை வாசலில் மணிக்கணக்காகப் பேசிச் சிரித்தவர்கள்தான். போன வருஷம் தேசம் இரண்டானது. அத்தர் வாங்க வந்த ஒருவன் பெரியத்தாவிடம், “எப்ப பாய் கராச்சிக்குப் போறே?” என்று கேட்டுவிட்டான். அந்தச் சூட்டோடு வந்து, “நீங்க தெருவெல்லாம் உருது பேசறதாலதான் எங்களையும் வேத்தாளா பாக்கறானுங்க,” என்றார் மாமூவிடம்.

“என் பாட்டன் பொறந்ததும் இந்த ராயப்பேட்டைதான். எந்த பாஷைல பேசினா இந்த ஊருக்காரன்னு ஒத்துக்குவீங்க?”

மாமூ அவரிடம் கடைசியாகத் தமிழில் பேசியது அதுதான். பெரியத்தாவும் அன்றோடு உருது தெரியாதவர் ஆகிவிட்டார். நடுவில் நின்ற அத்தா, “டீ ஆறுது, குடிங்க,” என்று மட்டும் சொன்னார். அத்தாவுக்கு இதெல்லாம் விளங்கியதே இல்லை. அம்மா ஜமீலுன்னிசா உருதுவில் கேட்பாள், அவர் தமிழில் பதில் சொல்வார். சண்டையும் அப்படித்தான் நடக்கும், சமாதானமும் அப்படித்தான்.

வெயில் வாசற்படியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அஸர் தொழுகைக்குள் எடுத்தாக வேண்டும். தெருவில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

பெரியத்தா தொண்டையைச் செருமினார். “ஹைதராபாத்துக்குள்ள பட்டாளம் போயிருக்கு. ஊரே பேப்பரும் கையுமா நிக்குது. இந்த நேரத்துல உருதுப் பள்ளிலேருந்து எங்க வீட்டு மையத்து போறத நாலு பேர் பாக்கணுமா? கேளு அஸ்மா.”

அவள் வாயைத் திறக்கும் முன்பே மாமூவின் முகம் சிவந்துவிட்டது. காது மடல் வரை சிவந்துவிட்டது. இருந்தும் அவளைப் பார்த்து, “க்யா போல்ரைன் உனோ?” என்றார், என்ன சொல்கிறார் என்று.

காலையிலிருந்து அவள் இன்னும் உட்காரவில்லை. அழவும் நேரம் கிடைக்கவில்லை. திரைத்துணி அவள் பிடியில் கசங்கியது.

“தொழுகை நம்ம பள்ளியிலேயே நடக்கட்டுமாம். பெரியத்தாவுக்குச் சம்மதமாம்,” என்றாள் உருதுவில், நிதானமாக. பிறகு இந்தப் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: “அடக்கத்த மயிலாப்பூர்ல, உங்க உம்மா பக்கத்துல வச்சிக்கலாமாம். மாமூவுக்குச் சம்மதமாம்.”

பெரியத்தாவின் வாய் திறந்தது. ‘நான் எப்போது அப்படிச் சொன்னேன்’ என்று கேட்க வேண்டுமானால், அவள் பேசிய உருது புரிந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். மாமூவின் விரல்கள் பெஞ்சு விளிம்பை இறுக்கின. அவர் மறுக்க வேண்டுமானால் தமிழ் தெரியும் என்றாக வேண்டும். அஸ்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாராவது ஒருவர் அவளைத் திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

பெரியத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாமூ தொப்பியைச் சரிசெய்தார்.

உள்ளிருந்து அம்மா, முடிவாகிவிட்டதா என்று உருதுவில் கேட்டாள்.

“ம்,” என்றாள் அஸ்மா.

அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமா சொல்லும் குரல்கள் எழுந்தன. முன்பக்கம் ஒரு தோள் மாமூவுடையது, மறு தோள் பெரியத்தாவுடையது. மாமூ நெடுநெடுவென்று உயரம். பெரியத்தா குள்ளம். படியிறங்கியதுமே சந்தூக்கு பெரியத்தா பக்கம் சரிந்தது. மேலே போர்த்திய பச்சைத் துணி அந்தப் பக்கமாக நழுவி இறங்கியது.

அஸ்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கொஞ்சம் தாழ்த்துங்கள் என்று பெரியத்தா ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமூ கேட்டுக்கொண்டால் போதும். பெரியத்தா கழுத்து நரம்பு புடைக்க நிமிர்ந்து நடந்தார். மாமூ நேரே பார்த்தபடி நடந்தார்.

அத்தா சாய்ந்தபடியே தெருமுனை திரும்பினார்.