காட்டுக்குக் கொண்டுபோன சோறு

அருளம்பலத்தின் உடலைக் குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, விறாந்தை வாங்கிலில் கிடத்தித் தலைமாட்டில் குத்துவிளக்கைக் கொளுத்தியபோது அங்கே நின்றவர்கள் ஐந்து பேர். செத்தவரின் தமையன் கனகரத்தினம். தமையன் மனைவி அன்னலட்சுமி. அவர்களுடைய ஒரே மகள் இராசமலர். அவளுக்குப் பேசி முடித்திருந்த வரதன். வரதனின் தகப்பன் உப்புவெளிக் கோணாமலை. ஊர்ச்சனம் இன்னும் வரத் தொடங்கவில்லை. காலை எட்டு மணி.

பெண்கள் இருவரும் அழுதார்கள். வரதன் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தான். கோணாமலை மட்டும், கதிரை போட்டும் உட்காராமல், தூணோடு நின்றார். கனகரத்தினம் அதைக் கவனித்தார். அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தைந்து வருடம் இருந்து தலைமை எழுதுவினைஞராக இளைப்பாறியவர் அவர். ஒரு மனுவை நீட்டுமுன்பே, அதைக் கொண்டுவந்தவன் நிற்கிற நிலையில் விஷயத்தை அறிந்துகொள்வார்.

"அத்தான், உங்களோடை ஒரு கதை," என்றார் கோணாமலை. அவர் அன்னலட்சுமிக்கு ஒன்றுவிட்ட தம்பி.

முற்றத்து முருங்கையடிக்குப் போனார்கள்.

"சின்னத்தானுக்குப் பிள்ளைகுட்டி இல்லை எண்டுதான் வரதனைக் கொள்ளி வைக்கக் கேட்டனீங்கள்."

"ஓம். முறைக்கு மருமகன். நீரும் ஓமெண்டனீர்."

"ஓமெண்டனான்தான். பிறகு யோசிச்சன்." கோணாமலை குரலைத் தாழ்த்தினார். "டொக்யாட்டிலை சின்னத்தானோடை வேலைசெய்த ஆக்கள் கதைக்கிற கதை உங்களுக்குத் தெரியாததே? சீமையிலை ஒரு காட்டுக்கை ஆரோ பொம்பிளையைப் போய்ப் பாத்தவராம். மாதம் தவறாமல். அங்கை ஒரு பொடியன் இருந்தால் இந்தக் கொள்ளி அவன்ரை. இன்னொருத்தன்ரை கொள்ளியை என்ரை பிள்ளை தூக்கிறது சரியில்லை."

"துக்க வீட்டிலை வந்து கதைக்கிற கதையே இது?"

"கோவிக்காதேங்கோ. ஒரு மணிக்குத்தானே எடுக்கிறது? அதுக்கிடையிலை நீங்கள் உங்கடை வாயாலை 'அப்பிடி ஒண்டும் இல்லை' எண்டு சொல்லுங்கோ. எனக்குக் காணும். நீங்கள் பொய் சொல்லாத மனிசன் எண்டு ஊருக்கே தெரியும். சொல்ல ஏலாட்டில்..." அவர் இராசமலர் இருந்த பக்கம் பார்த்தார். "மற்றதையும் யோசிக்க வேண்டி வரும்."

அந்த இடத்திலேயே 'இல்லை' என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் கனகரத்தினத்துக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் உண்மையில் இல்லையா என்பது அவருக்கே தெரியாது.

பதின்மூன்று வருடத்துக்கு முந்திய கதை. அப்போது துறைமுகம் வெள்ளைக்காரக் கடற்படையின் கையில் இருந்தது. டொக்யாட்டில் வேலைபார்த்த அருளம்பலத்தை ஒரு வருடப் பயிற்சிக்கு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்பத்தில் கப்பலேறிய முதல் ஆள். கனகரத்தினம் மூடிய கழுத்துக் கோட்டுப் போட்டுப் போய் வழியனுப்பினார். போனவன் திரும்பி வந்தான். ஆனால் கலகலவென்று கதைக்கிற அருளம்பலம் வரவில்லை. மூன்று சம்பந்தம் பேசி வந்தது, மூன்றையும் வேண்டாம் என்றான். 'ஏன்' என்று அண்ணன் கேட்கவில்லை, தம்பியும் சொல்லவில்லை. கூடப் போய் வந்தவர்கள் 'அம்பலத்தாற்றை காட்டுக்காரி' என்று பகிடி பண்ணுவது அவர் காதுக்கும் எட்டியது. கேட்காதவர் போல வெள்ளைக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். தம்பிக்கு வருகிற தபாலை மட்டும் அன்றிலிருந்து ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பத்து மணிக்குக் கிண்ணியாவிலிருந்து துறை தாண்டி றஊப் வந்தார். அருளம்பலத்தோடு இங்கிலாந்து போனவர். தொப்பியைக் கழற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு, உடலின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். கனகரத்தினம் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்.

"றஊப், நீர் மறைக்கப்படாது. தம்பி காட்டுக்குப் போனவனோ?"

றஊப் தலையைக் குனிந்தார். "போனாருதான், ஐயா."

"எத்தினை தரம்?"

"மாசத்துல ஒரு நாள். ஞாயித்துக்கிழமையெண்டா ஒருத்தரும் கதைச்சிருக்க மாட்டாங்க. அவரு திங்களும் போவாரு, செவ்வாயும் போவாரு. லீவு போட்டுட்டுப் போவாரு."

வேலைநாள். புருஷன்மார் வேலைக்குப் போயிருக்கிற நாள். கனகரத்தினத்தின் கணக்கு அப்படி ஓடியது.

"பிறகு?"

"விடியக் குளிப்பாரு. பச்சத்தண்ணி வாயில படாது. ஆனா அடுப்புல கொஞ்சம் சோறு வடிச்சு ஒரு டின்னுல போட்டுக் கொண்டு போவாரு."

"தான் சாப்பிடாமல் ஆருக்குச் சோறு?"

"அத நானும் கேட்டன். சிரிச்சாரு. ஒருநாள் பொடியன்மார் உசுப்பேத்தி, நானும் பின்னால போனன். இப்ப சொல்ல வெக்கமா இரிக்கி. பஸ்ஸுல முக்கா மணித்தியாலம். எறங்கி வரம்பு மாதிரி ஒரு பாத. ஒரு மரக் கேற்று. அதுக்கங்கால காடு. நம்மட காடு மாதிரி முள்ளு இல்ல, பாம்பு இல்ல, குரங்கு இல்ல. எல்லாம் அகல அகலமான இல மரம். வெயிலு இலைக்குள்ளால பச்சையா விழுகுது. சத்தமே இல்ல, ஐயா. பள்ளியில தொழுதிட்டு எல்லாரும் போன பொறகு ஒரு அமைதி இரிக்கிமே, அப்பிடி. எனக்கு நடக்கவே பயம், காலுக்குக் கீழ சருகு கத்துது."

"அவன் என்ன செய்தவன்?"

"இல பொறுக்கினாரு. ஒண்ட எடுப்பாரு, வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பாரு, போடுவாரு. வேற ஒண்ட எடுப்பாரு. நல்லதா நாலஞ்சு சேந்ததும், ஒரு சின்ன ஓடைக்கரயில நிலத்துல உக்காந்தாரு. யாரோ வருவாங்க எண்டு பாத்துக்கிட்டு இரிக்கிற மாதிரி."

"ஆர் வந்தது?"

"நான் திரும்பிட்டன். ஒரு மனிசன் தனிய இரிக்கக்குள்ள ஒளிச்சு நிண்டு பாக்கிறது சரியில்லத்தானே? பஸ்ஸுக்கு வந்து, பொடியன்மார்ட்ட ஒண்டும் காணல்ல எண்டுதான் சொன்னன். அவங்க தாங்களாவே ஒரு பொம்புளய கதையில சேத்துக்கிட்டாங்க."

கனகரத்தினம் நேரே அருளம்பலத்தின் அறைக்குப் போனார். அன்னலட்சுமி பின்னால் வந்தாள்.

"இப்ப எதுக்கு அந்த அறைக்கை?"

"அவன்ரை றங்குப்பெட்டித் திறப்பு எங்கை?"

"அரைஞாணிலை கிடந்தது. குளிப்பாட்டேக்கை கழட்டி வைச்சது." முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திறப்பைக் கொடுத்தாள். "பதின்மூண்டு வருசம் வாயிலை பூட்டைப் போட்டுக்கொண்டு திரிஞ்சியள். ஒருநாள், ஒரே ஒருநாள், 'என்ன தம்பி' எண்டு கேட்டிருந்தால் கிரீடம் இறங்கியிருக்குமே? இப்ப பிரேதத்திட்டை விசாரணை வைக்கிறியள்."

"நீ விறாந்தைக்குப் போ."

அவர் கதவைச் சாத்தினார். பெட்டிக்குள் அகப்படுவது எதுவானாலும் சிதையோடு போகவேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். படமோ, கடிதமோ, தலைமயிரோ. குடும்பத்தின் பெயர் அதற்குள் கிடந்தால் அதுவும் சாம்பலாகட்டும். ஆனால் அதன் பிறகு கோணாமலையின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்பதை அவர் யோசிக்கவில்லை.

மேலே கம்பளி உடுப்பு. அதன்கீழ் பயிற்சிச் சான்றிதழ், கண்ணாடி போட்டு மாட்டாதது. அதன்கீழ் ஒரு சின்னக் கொப்பி. நடுவில் விரித்தார். அருளம்பலத்தின் முத்து முத்தான எழுத்து.

'ஜனவரி 5, வியாழன். காடு முழுக்கப் பனி. நாலு மணி மட்டும் காத்திருந்தேன். வரவில்லை.'

கனகரத்தினம் கட்டிலில் உட்கார்ந்தார். பொம்பிளை இருந்தாள் என்பதற்கு அந்த ஒரு வரி போதும் என்று தோன்றியது. கொப்பியை மூடப்போனார். எந்தக் கோப்பையும் முழுக்க வாசிக்காமல் கையெழுத்து வைத்து அறியாதவர், பழக்கம் விடவில்லை. முதல் தாளுக்குத் திரும்பினார்.

'ஒக்ரோபர் 8, சனி. வாழையிலைக்கு இங்கே எங்கே போவது. இந்தக் காட்டில் ஒரு மரத்தின் இலை பப்பாசி இலைபோல விரிந்திருக்கிறது. நாலைச் சேர்த்து வைத்தால் போதும். எள் கிடைக்கவில்லை.'

'நவம்பர் 7, திங்கள். இலையெல்லாம் மஞ்சள். இனி உதிர்ந்துவிடுமாம். மாரிக்கென்று நல்லதாய்ப் பொறுக்கிக் கடதாசிக்குள் வைத்துக்கொண்டேன்.'

'டிசம்பர் 6, செவ்வாய். மரங்கள் மொட்டை. காகம் வந்து எடுத்தது.'

பிறகு அந்த ஜனவரி. அதன்கீழ்: 'பெப்ரவரி 4, சனி. காகம் வந்தது. இரண்டு.'

பெட்டியின் அடியில் இரண்டு பஞ்சாங்கங்கள் கிடந்தன. மன்மத வருடத்ததும், துன்முகி வருடத்ததும். அவரே கப்பல் தபாலில் அனுப்பியவை. 'சீமையிலை இவனுக்கு என்னத்துக்குப் பஞ்சாங்கம்' என்று அன்று கச்சேரியில் சொல்லிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. விரித்தார். மாதத்துக்கு ஒரு நாளில் பென்சில் புள்ளி. எல்லாம் தேய்பிறை அட்டமி.

அம்மா செத்தது ஆடி மாதத் தேய்பிறை அட்டமியில்.

தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன். அது அவர்கள் முறை. இளையவன் இங்கிலாந்துக்குப் போய் மூன்று மாதமும் ஆகவில்லை. தந்தி அடித்தால் பயிற்சியை விட்டுவிட்டு ஓடிவருவான், குடும்பத்துக்குக் கிடைத்த பெயர் பாதியில் போய்விடும். ஆகையால் கனகரத்தினம் தந்தி அடிக்கவில்லை. கொள்ளியைத் தானே தூக்கினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடு, மாதாமாதம் அந்தத் திதியில் சோறு படைத்துக் கொடுக்கவேண்டிய மாசியங்களையும் ஒன்றாய்ச் சேர்த்துக் கொடுத்து முடித்தார். கச்சேரியில் வேலை அதிகம். அதன் பிறகுதான் கடிதம் எழுதினார். 'எல்லாம் முறைப்படி நானே செய்துவிட்டேன். நீ படிப்பைக் கவனி.' மூத்தவன் இளையவனின் பாரத்தையும் சுமந்தான் என்று ஊர் மெச்சியது. அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

கொப்பியின் கடைசித் தாளுக்குள் பழைய ஆங்கிலப் பத்திரிகைத் துண்டொன்று மடித்திருந்தது. அதற்குள் மிஞ்சிய ஒரே ஒரு இலை. கபில நிறம், நரம்பெல்லாம் தெளிவாய், அவருடைய விரித்த கையளவு. தொட்டால் பொடிந்துவிடும் போலிருந்தது.

அவர் கதவைத் திறந்தபோது வாசலில் றஊப் நின்றார்.

"ஐயா, ஏதும்..."

"எங்கடை அம்மா செத்த செய்தியை அந்த ஒக்ரோபரிலை தம்பி உமக்குச் சொன்னவனோ?"

றஊப் திகைத்துப் போனார். "உங்கட உம்மா மௌத்தானது அப்பவா? இல்லையே ஐயா. ஒரு கடிதம் வந்திச்சு. ரெண்டு நாள் வேலைக்கு வரல்ல. வீட்டுல ஏதும் கரச்சலா எண்டு கேட்டன். 'எங்கட அண்ணன் எல்லாத்தையும் பாத்துக்கொள்ளுவார்' எண்டாரு. வேற ஒண்டும் சொல்லல்ல."

கனகரத்தினம் தோள் சால்வையைச் சரிசெய்துகொண்டார். அது சரியாகத்தான் இருந்தது.

விறாந்தை நிறைந்துவிட்டது. பறை முழங்கியது. குருக்கள் வந்து கும்பம் வைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கரிசி போடுகிறவர்கள் விலகி வழிவிட்டார்கள். கனகரத்தினம் தம்பியின் பக்கத்தில் குனிந்து, நெஞ்சில் கோத்துவைத்த கைகளின்கீழ் அந்த இலையை வைத்து, அதன்மேல் வேட்டித் தலைப்பை இழுத்து மூடினார். வயது அறுபத்துநாலு; நிமிர ஒரு கை வேண்டியிருந்தது. வரதன் பிடித்துவிட்டான்.

கோணாமலை நெருங்கி வந்தார். "அத்தான், நேரமாகுது. என்ன சொல்லுறியள்?"

கனகரத்தினம் குரலைத் தாழ்த்தவில்லை. பறையடிக்கிறவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார், பறை நின்றது.

"பொம்பிளை ஒருத்தியும் இல்லை. பிள்ளையும் இல்லை. அம்மாவுக்கு மாசியம் குடுக்கப் போனவன். சோறு காகத்துக்கு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கோணாமலையின் முகம் தெளிந்தது. மகனைப் பார்த்துத் தலையசைத்தார். வரதன் கிணற்றடியில் குளித்து, ஈர வேட்டியோடு வந்து நெருப்புச்சட்டியைத் தூக்கினான். கோணாமலை ஆறுதலாய், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"நல்ல மனிசன். அதுவும் பாருங்கோ, தேவையில்லாமலே செய்திருக்கிறார். மாமியின்ரை கடமை எல்லாத்தையும் நீங்கள்தானே அத்தான் குறையில்லாமல் செய்து முடிச்சனீங்கள். ஊருக்கே தெரிஞ்ச விஷயம்."

"இல்லை," என்றார் கனகரத்தினம். "நான் செய்யேல்லை. இவன்தான் செய்தவன்."